பதினெட்டு என்றால் எத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் தமிழ் நடத்திய காலத்தில் மாணவர்கள் கேட்டவை பாதி. உறவுக்காரர் கல்யாணங்களில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியவர்கள் கேட்டவை மீதி. எல்லாமே பதினெட்டு என்ற ஒரே எண்ணைப் பற்றியவை.

இத்தனை எண்கள் இருக்க, பதினெட்டை ஏன் பிடித்துக்கொண்டீர்கள்?

நான் பிடிக்கவில்லை, அதுதான் எங்கு திரும்பினாலும் எதிரே வந்து நிற்கிறது. மெய்யெழுத்து 18. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு 18. சித்தர் 18, புராணம் 18, பாரதப் போர் 18 நாள், சபரிமலையில் 18 படி, காவிரிக்கு ஆடி 18. வாக்குரிமைக்கு 18 வயது. செல்போன் ரீசார்ஜுக்கு வரி 18 விழுக்காடு.

இவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால் இரண்டு வகையான பதினெட்டு தெரியும். ஒன்று, எண்ணிப் பார்த்து வந்த பதினெட்டு. மற்றது, எண்ணாமலே சொன்ன பதினெட்டு. 'எல்லாம்', 'ஒன்றும் விடாமல்' என்று பொருள்படும் பதினெட்டு. கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எண்ணி வந்த பதினெட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு?

மெய்யெழுத்து. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. இதில் யாரும் சண்டைக்கு வர முடியாது. உயிர் 12-ஐ இந்த 18-ஆல் பெருக்கினால் உயிர்மெய் 216; உயிரையும் மெய்யையும் ஆய்தத்தையும் சேர்த்தால் 247.

வரிசையிலும் ஒரு சேதி இருக்கிறது. க முதல் வ வரை வடமொழி நெடுங்கணக்கு போகும் போக்கிலேயே போகும். ழ, ள, ற, ன என்ற நான்கும் அதற்குப் பிறகு, வாலில் வந்து சேரும். 'ட'வுக்குப் பக்கத்தில் 'ண' இருக்கும்போது, 'ற'வும் 'ன'வும் மட்டும் ஏன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு பையன் கேட்டான். அந்த வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு: இரண்டும் எண்ணி வந்தவைதானா?

மேற்கணக்கில் சிக்கல் இல்லை. பத்துப்பாட்டு பத்து, எட்டுத்தொகை எட்டு. கூட்டினால் பதினெட்டு.

கீழ்க்கணக்கில்தான் தகராறு. இந்தத் தொகுதியின் நூல்களைச் சொல்ல ஒரு பழைய வெண்பா உண்டு. நாலடி, நான்மணி, நானாற்பது என்று தொடங்கும். அதைப் பிரித்து எண்ணிக்கொண்டு வந்தால் பதினேழு வரை வண்டி ஓடும்: நாலடியார், நான்மணிக்கடிகை, நான்கு 'நாற்பது' நூல்கள், நான்கு ஐந்திணை நூல்கள், திருக்குறள், திரிகடுகம், ஆசாரக்கோவை, பழமொழி, சிறுபஞ்சமூலம், முதுமொழிக்காஞ்சி, ஏலாதி. பதினெட்டாவது இடத்தில் கைந்நிலையா, இன்னிலையா என்று அறிஞர்கள் வழக்காடினார்கள். இன்னிலைக்கு வ.உ.சிதம்பரம் பிள்ளை உரை எழுதிப் பதிப்பித்தார். இன்று பாடநூல்களில் கைந்நிலைதான் அந்த நாற்காலியில் இருக்கிறது. இன்னிலையைப் பிற்காலத்தது என்று பலரும் தள்ளிவிட்டார்கள்.

இந்த வழக்கில் எனக்குச் சுவையாக இருப்பது தீர்ப்பு அல்ல. 'நூல்கள் பதினேழுதான் போலிருக்கிறது' என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. எண் முதலில் உறுதியாகிவிட்டது. அதை நிரப்ப ஆள் தேடினார்கள்.

மேல், கீழ் என்றதும் தரம் என்று நினைத்துவிட வேண்டாம். அடி நீண்ட பாட்டு மேற்கணக்கு, அடி குறுகிய பாட்டு கீழ்க்கணக்கு. மதுரைக்காஞ்சி 782 அடி. குறள் இரண்டே அடி.

பதினெட்டுச் சித்தர்களின் சரியான பட்டியல் எது?

எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு இரண்டு நாட்டு மருந்துக் கடைகளின் காலண்டர் மாட்டியிருந்தது. இரண்டிலும் பதினெட்டுச் சித்தர்கள், கட்டம் கட்டமாக. மின்சாரம் இல்லாத ஒரு மாலையில் டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றில் இருந்த நால்வர் மற்றதில் இல்லை. அவர்கள் இடத்தில் வேறு நால்வர், அதே தாடி, அதே புலித்தோல்.

அகத்தியர், திருமூலர், போகர், கொங்கணர், பாம்பாட்டிச் சித்தர் போன்றவர்கள் பெரும்பாலும் இடம் தவற மாட்டார்கள். பின்வரிசையில்தான் ஆள் மாறும். ஆனால் எந்தப் பட்டியலும் பத்தொன்பதாகப் பெருகாது, பதினேழாகச் சுருங்காது. ஆகவே, சரியான பட்டியல் எது என்று கேட்பதைவிட எந்த மரபின் பட்டியல் என்று கேட்பது பயன் தரும்.

புராணங்களும் இப்படித்தான். பதினெண் புராணங்களில் சிவபுராணத்தைச் சேர்ப்பவர்கள் வாயு புராணத்தை விடுவார்கள். வாயுவைச் சேர்ப்பவர்கள் சிவத்தை விடுவார்கள். மொத்தம் மட்டும் கலையாது.

'பதினெட்டுப்பட்டி' என்பது எந்தப் பதினெட்டு ஊர்?

பஞ்சாயத்தில் சொம்போடு உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் அவருக்கே பெயர் சொல்ல வராது. 'சுற்றுவட்டாரம் முழுக்க' என்பதன் மரியாதையான வடிவம் அது. சில வட்டாரங்களில் உண்மையாகவே பதினெட்டு ஊர் சேர்ந்து கோயில் கொண்டாடுவதும் உண்டு. அங்கே ஊர்ப்பெயர்களை மளமளவென்று ஒப்பிப்பார்கள். அகத்தியர் துவாரகையிலிருந்து பதினெண்குடி வேளிரை, அதாவது குறுநிலத் தலைவர்களை, அழைத்து வந்தார் என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையில் ஒரு கதை வருகிறது. அந்தப் பதினெட்டையும் நான் சொம்பு வைத்த பதினெட்டோடுதான் சேர்ப்பேன்.

பாரத மாதாவுக்கு மொழி பதினெட்டு என்று பாரதி பாடினாரே, கணக்குச் சரியா?

அவர் பாடியது பழைய வழக்கை ஒட்டி. நம் பழைய நூல்களில் மொழிகள் என்றாலே 'பதினெண் பாடை'தான். ஆனால் அரசியல் சட்டம் அவருக்குக் கொஞ்ச காலம் துணை நின்றது. எட்டாம் அட்டவணையில் 1950-இல் 14 மொழிகள். 1967-இல் சிந்தி சேர்ந்து 15. 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி மூன்றும் சேர்ந்து சொல்லிவைத்ததுபோல் 18. பிறகு போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நான்கையும் சேர்க்க 2003-இல் திருத்தம் வந்து 22 ஆகிவிட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பாரதியின் வரியைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று டிக் அடித்திருக்கலாம்.

ஆடிப்பெருக்கு ஏன் சரியாக ஆடி 18-இல் வருகிறது?

ஆடிப்பூரம் நட்சத்திரத்தைப் பார்த்து வருகிறது. ஆடிக் கிருத்திகையும் அப்படியே. ஆடி அமாவாசை திதியைப் பார்த்து வருகிறது. இவையெல்லாம் ஆண்டுதோறும் தேதி மாறும். ஆடிப்பெருக்கு ஒன்றுதான் நட்சத்திரத்தையும் திதியையும் திரும்பிப் பார்க்காமல் மாதத்தின் பதினெட்டாம் நாளில் நிற்கிறது. ஆங்கிலத் தேதியில் ஆகஸ்ட் 2 அல்லது 3. காரணம், அது வானத்தின் விழா அல்ல, ஆற்றின் விழா. குடகில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, அந்த வெள்ளம் இறங்கி டெல்டாவுக்கு வந்து சேர்கிற காலம் அது. சூரியனை வைத்து நகரும் மாதத்தில்தான் மழையின் நாளைக் குறிக்க முடியும். நிலவை வைத்துக் குறித்தால் நழுவிவிடும். உழவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலை கண்ணிலேயே நிற்கும். படித்துறையில் ஒரு முழ இடம் பிடித்து, சாணத்தால் மெழுகி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். வாழை இலையில் காப்பரிசி, பேரிக்காய், நாவற்பழம், காதோலை கருகமணி. காப்பரிசி என்பது ஊறவைத்த அரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்தது; படைத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பாதியைத் தின்று தீர்த்திருப்பார்கள். மஞ்சள் சரட்டைப் பெண்கள் கழுத்திலும் ஆண்கள் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வார்கள். அம்மா என் கையில் கட்டிய சரடு ஆவணி வரை சாயம் போகாமல் சட்டைக் கைகளை எல்லாம் மஞ்சளாக்கியது. வீட்டுக்கு வந்தால் எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று கலந்த சாத வகைகள்.

மேட்டூரிலிருந்து தண்ணீர் வராத ஆண்டுகளும் உண்டு. அப்போது மணலில் ஊற்றுத் தோண்டியோ, குழாயடியிலோ கும்பிட்டுவிட்டு வருவார்கள். ஆறு வராவிட்டாலும் தேதி வந்துவிடும்.

சபரிமலைப் படிகள் எதைக் குறிக்கின்றன?

குருசாமிக்குக் குருசாமி விளக்கம் மாறும். அதிகம் சொல்லப்படுவது: புலன்கள் ஐந்து, காமம் குரோதம் முதலான ராகங்கள் எட்டு, குணங்கள் மூன்று, வித்தை, அவித்தை, ஆகப் பதினெட்டு. சுற்றியுள்ள பதினெட்டு மலைகள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டல் எப்படிப் போட்டாலும் விடை முதலிலேயே கரும்பலகையில் எழுதப்பட்டுவிட்டது.

மாறாத வழக்கம் இரண்டு. இருமுடி இல்லாமல் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. இல்லாதவர்கள் வேறு வழியாகத்தான் சன்னிதிக்குப் போக வேண்டும். பதினெட்டாம் ஆண்டு மலைக்குப் போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்து போய்ச் சேர்ப்பார். ரயிலில் மேல் பெர்த்தில் இருமுடிக்குப் பக்கத்தில் தென்னங்கன்று ஒன்று தலையாட்டிக்கொண்டு வந்தால், கீழே இருப்பவருக்குப் பதினெட்டு முடிகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அழகர்கோயிலில் இருப்பதும் அதே பதினெட்டாம் படியா?

பெயர்தான் ஒன்று. இங்கே படியில் ஏறுவது கிடையாது. பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவச்சிலை இல்லை. சந்தனம் பூசி மாலை சார்த்திய பெரிய கதவே தெய்வம். மலையாள நாட்டிலிருந்து அழகரைக் கவர வந்த பதினெட்டு மந்திரவாதிகளைப் பிடித்து, படிக்கு ஒருவராகப் புதைத்தார்கள் என்பது கதை. ஆள் உயர அரிவாள்கள் காணிக்கையாகச் சார்த்தி நிற்கும். கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால், 'கருப்பு வாசலில் வந்து சத்தியம் பண்ணு' என்பார்கள். பாதிப் பேர் அங்கே வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகரே இவரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போகிறார்.

மகாபாரதத்தில் மட்டும் ஏன் இத்தனை பதினெட்டு?

பருவங்கள், அதாவது நூலின் பெரும்பகுதிகள், 18. போர் 18 நாள். கீதை 18 அத்தியாயம். படை 18 அக்குரோணி: கௌரவர் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7. ஓர் அக்குரோணி என்பது தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. இந்த எண்கள் ஒவ்வொன்றிலும் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 18 வரும். தற்செயல் என்று ஒதுக்க மனம் வராது. ஆனாலும் இவை எல்லாம் 2,187-இன் மடங்குகள், ஆகவே ஒன்பதின் மடங்குகள். ஒன்பதின் மடங்கு என்றால் இலக்கக் கூட்டலும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். மாயத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடுகிறது.

வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாவில் இந்தப் பதினெட்டைக் கண்ணால் பார்க்கலாம். 'பதினெட்டாம் போர்' என்ற கூத்து விடிய விடிய நடக்கும். பொழுது விடிந்ததும் படுகளம். திடலில் களிமண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டின் நீளத்துக்கு. தொடையில் சிவப்புக் கரைசல். பீமன் வேடக்காரர் தண்டத்தால் அந்த இடத்தில் அடித்ததும் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். ஓரத்தில் நிற்கும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கொண்டையைச் சரிசெய்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

18 வயது ஆனால் எல்லாம் செய்யலாமா?

எல்லாம் அல்ல. வாக்களிக்கலாம். முன்பு 21 ஆக இருந்த வயதை 61-ஆவது சட்டத்திருத்தம் குறைத்தது. 1989 மார்ச் 28 முதல் நடப்புக்கு வந்தது. கியர் வண்டிக்கும் காருக்கும் உரிமம் வாங்கலாம். பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25 ஆக வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் சேர ஜனவரி 1 மட்டுமே கணக்கு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாள்கள். 17 நிறைந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

பில்லில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய். வரி எவ்வளவு?

590-க்கு 18 விழுக்காடு பார்த்து 106 ரூபாய் 20 காசு என்று சொல்லாதீர்கள். கடைக்காரர்களே இங்கே சறுக்குகிறார்கள். வரி சேர்ந்த தொகையை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். பொருள் 500, வரி 90. மாநிலத்துக்குள்ளேயே வாங்கியிருந்தால் பில்லில் மத்திய வரி 45, மாநில வரி 45 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

18 காரட் நகை வாங்கினால் நஷ்டமா?

24 பங்கில் 18 பங்கு தங்கம், அதாவது முக்கால். ஹால்மார்க்கில் 750 என்று இருக்கும். 22 காரட்டுக்கு 916. ஒரு சவரன் எடையில், அதாவது எட்டு கிராமில், 18 காரட் என்றால் சுத்தத் தங்கம் ஆறு கிராம். வைரக்கல் பதித்த நகைகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கலப்பு அதிகம் என்பதால் கெட்டியாக இருந்து கல்லை விடாமல் பிடிக்கும். 22 காரட் விலையைக் கொடுத்து 18 காரட்டை வாங்கினால்தான் நஷ்டம்.

பிற நாடுகளில் இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டா?

யூதர்களிடம் நிரம்ப. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'ஹை' என்ற சொல்லுக்கு உயிரோடிருப்பது என்று பொருள். அதன் இரு எழுத்துகள் 8, 10. கூட்டினால் 18. அதனால் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல் அவர்கள் கொடுக்கும் பணம் 18, 36, 180 என்றே இருக்கும். நாம் 101 எழுதுவதுபோல. அவர்களுடைய அன்றாட வழிபாட்டின் நடுநாயகமான வேண்டுதலுக்குப் பெயரே 'பதினெட்டு'. வாரநாள்களில் அதில் இருக்கும் வாழ்த்துகள் பத்தொன்பது! பின்னால் ஒன்று சேர்ந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை. பதினெட்டுப்பட்டிக்காரர்களுக்கு இது உடனே புரியும்.

சீன பௌத்தத்தில் அருகதர், அதாவது ஞானம் பெற்ற துறவிகள், முதலில் பதினாறு பேர். சீனாவில் இருவரைச் சேர்த்துப் பதினெட்டாக்கிவிட்டார்கள். சேர்ந்த அந்த இருவர் யார் என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு. என் இரண்டு காலண்டர்கள் நினைவுக்கு வருகின்றன. ஹாங்காங்கில் பேசும் கான்டனீசில் பதினெட்டின் ஒலி 'நிச்சயம் செழிப்பாய்' என்பதைப்போல் கேட்கும். 2008-இல் அங்கே '18' என்ற கார் எண் பலகை 1 கோடியே 65 லட்சம் ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. காரின் விலை தனி.

கோல்ஃபில் 18 குழி ஏன்?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஒரு சுற்று 22 குழியாக இருந்தது. 1764-இல் குட்டையான சில குழிகளை இணைத்து 18 ஆக்கினார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்பற்றினார்கள். ஒரு பாட்டிலில் 18 மிடறு விஸ்கி இருந்ததால்தான் 18 குழி என்ற கதை, கதைதான்.

அறிவியலில்?

தண்ணீரின் மூலக்கூறு எடை 18: ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் பதினாறு. 18 கிராம் தண்ணீர் என்பது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். அதற்குள் இருக்கும் மூலக்கூறுகளை எழுத, 6 போட்டு 23 சுழியங்கள் போட வேண்டும். தனிம அட்டவணையில் நெடுவரிசைகள் 18. கடைசி வரிசையில், 18 என்ற அணு எண்ணோடு உட்கார்ந்திருப்பது ஆர்கான். கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள். எதோடும் எளிதில் சேராத அந்தக் குணத்தால்தான் வெல்டிங் பட்டறையில் அதற்கு வேலை.

கிரகணங்களும் 18 ஆண்டு, 10 அல்லது 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே வடிவில் திரும்பி வரும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகத் தெரிந்த சூரியன் நினைவிருக்கலாம். அதன் முந்தைய பிறவி 2001 டிசம்பர் 14; அடுத்தது 2038 ஜனவரி 5. அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், வளையம் அப்போது நம் தலைக்கு மேல் இருக்காது, அட்லாண்டிக் பக்கம் போயிருக்கும்.

18 ராசியான எண்ணா?

விராட் கோலியின் சட்டை எண் 18. அவருடைய பெங்களூர் அணி ஐபிஎல் கோப்பையை வென்றது 18-ஆவது பருவத்தில், 2025-இல். சரி, அதற்கு முந்தைய 17 பருவங்களிலும் அவர் பெரும்பாலும் அதே எண்ணைத்தானே முதுகில் சுமந்தார் என்று ராசி பார்ப்பவரிடம் கேளுங்கள்.

எண்ணுக்கென்று உண்மையான அழகு ஒன்று உண்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகையைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருக்கும் எண் 18 மட்டும்தான். ஒன்றும் எட்டும் ஒன்பது. அதன் இரு மடங்கு பதினெட்டு. வேறொன்றைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. மூன்றடிக்கு ஆறடி அறை ஒன்று கட்டினால் பரப்பும் 18, சுற்றளவும் 18. குடியிருக்க முடியாது, ரசிக்கலாம்.

பதினெட்டா, பதினெண்ணா? அழைப்புப் பத்திரிகையில் தமிழ் எண்ணில் எப்படி அச்சிடுவது?

தனியே நின்றால் பதினெட்டு. பழைய தொடர்களில் அடுத்த சொல்லோடு ஒட்டும்போது பதினெண்: பதினெண்குடி, பதினெண்கீழ்க்கணக்கு. எட்டு 'எண்' ஆவது புதிதல்ல. எண்பதிலும் எண்திசையிலும் அதே எண்தான். 'பதினெண் பேர் வந்தார்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தமிழ் எண்ணில் பழைய முறைப்படி ௰௮, பத்தும் எட்டும். இடமதிப்பு முறைப்படி ௧௮. இரண்டில் எதையும் போடலாம், ஒரே பத்திரிகையில் இரண்டையும் கலக்கக் கூடாது. எட்டின் குறி அகரத்தைப்போலவே இருக்கும். எட்டு என்றால் 'அ', கால் என்றால் 'வ' என்று வைத்து, அவலட்சணத்தை 'எட்டேகால் லட்சணம்' என்று ஔவையின் பெயரில் வழங்கும் பாட்டு ஏசுவது இதை வைத்துத்தான். அச்சகத்தில் பல நேரம் எண்ணைத் தேடாமல் உயிரெழுத்து 'அ'வையே தட்டிவிடுவார்கள். ஆடி ௰௮ என்று அச்சிடக் கொடுத்திருந்தால், மெய்ப்பு வந்ததும் அந்த ஓர் இடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிடுங்கள்.